ஒப்பந்தத்துல என் பேரு

தம்பி, இந்தப் பைய உங்க மடியில கொஞ்சம் வச்சுக்கிறீங்களா? கீழ வச்சா ஏறுறவன் இறங்குறவன் பூராம் மிதிப்பான். உள்ள சீர் சாமான் இருக்கு. பட்டுப்பாவாட, கண்ணாடி வளையல், ஒரு சோடித் தோடு. அதுக்கு அடியில துணியில சுத்தி ஒண்ணு இருக்கு, அத அப்புறம் சொல்றேன். காதுல மாட்டியிருக்கறதக் கழட்டிட்டீங்கன்னா பேச சௌரியமா இருக்கும். பாட்டு எங்கிட்டுப் போயிரப் போகுது, ராத்திரி கூடக் கேக்கலாம்.

என் பேரு வீரணன். திருமங்கலத்துல வீரணன் சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம மைக் செட்டுத்தான். ஆனா இன்னிக்கி நான் மைக் செட்டுக்காரனாப் போகல, தாய்மாமனாப் போறேன். என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து. வேப்பங்குளம் விலக்குல இறங்கி உள்ள நடந்தா ஒத்தப்பனைக் கருப்பசாமி கோயில். புள்ள என் மடியிலதான் உக்காரப் போகுது.

இதுல என்ன இருக்கு, எல்லா மாமனும் பண்றதுதானேன்னு பாக்குறீங்க. இல்ல தம்பி. மத்த மாமன் மடியெல்லாம் சும்மா மடி. என் மடி கோர்ட்டு வரைக்கும் போயி ஜெயிச்சு வந்த மடி. ஸ்டாம்பு பேப்பர்ல எழுதியிருக்கு. ஜெராக்ஸ் எடுத்து லேமினேசன் போட்டுச் சட்டப்பையில வச்சிருக்கேன், பெறகு காட்டுறேன். கொஞ்சம் அசந்திருந்தா எங்க பெரியப்பா மகன் தவமணி அந்த மடிய அடிச்சுக்கிட்டுப் போயிருப்பான். அவனும் முறைக்கு மாமன்தான், ஒண்ணுவிட்ட மாமன். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டான். உக்காருன்னா உக்காருவான், எந்திரின்னா எந்திரிப்பான். அப்படிப்பட்ட ஆள எப்படித் தம்பி நம்புறது?

என் தங்கச்சி பேரு சத்யகலா. வீட்டுக்காரரு கருணாகரன், கல்லுப்பட்டியில அரிசி ஆலையில சூப்பர்வைசரு. இப்ப ரெண்டு பேரும் தனித்தனியா இருக்காங்க. தங்கச்சி எங்க அம்மா வீட்டுல, மாப்ள அவங்க அம்மா வீட்டுல. மாப்ள நல்ல மனுசன், நான் இல்லேன்னு சொல்லல. அவங்க அம்மாதான் சரியில்ல. அந்தக் குடும்பம் பிரிஞ்சதுக்கு அந்தம்மாவும் ஒரு பொறந்த நாள் கேக்கும்தான் காரணம். வேற யாரும் இல்ல.

புள்ளைக்கு மொத வருசப் பொறந்த நாளு. மாப்ள வீட்டுல விசேசம். தாய்மாமன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? மைக் செட்டு என் செலவு. வேப்பமரத்துல ரெண்டு கொழா ஸ்பீக்கரு, மாடியில ரெண்டு பாக்ஸு, அதுபோக டெல்லியில இருந்து புதுசா வரவழச்ச கார்ட்லெஸ் மைக்கு. அன்னிக்கித்தான் அத மொத மொதல்ல வெளிய எடுக்குறேன். தெரு முழுக்கப் பந்தி நடக்குது. அந்த நேரம் பாத்து மாப்ளயோட அம்மா, சனிக்கெழமையும் அதுவுமா முட்ட போட்ட கேக்க வீட்டுக்குள்ள வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. தங்கச்சி மொகம் செவந்து போச்சு. மாப்ளயக் கூப்புட்டுக்கிட்டுப் பின் ரூமுக்குப் போயிட்டா.

வீட்டுல பெரியவன்னு நான் இருக்கேன், பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பின்னாலயே போனேன், சமாதானம் பண்ணத்தான். கார்ட்லெஸ் சட்டப்பையில இருந்துச்சு. ஆஃப் பண்ணலையான்னா, சண்ட போடுற எடத்துக்கு ஓடும்போது யாரு தம்பி சுவிட்சத் தேடுவா? தங்கச்சி கேக்குறா, "உங்கம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டே திரியறதுக்கு என்னய எதுக்குக் கட்டுனீங்க?" மாப்ள சொல்றாரு, "உங்கண்ணன் கொழா கட்டிக் காலையிலருந்து காது கிழியுது, மொதல்ல அந்தாள வெளிய அனுப்பு." இவ தன் நாத்தனாரப் பத்தி ஒண்ணு சொன்னா. அவரு எங்கப்பாவப் பத்தி ஒண்ணு சொன்னாரு. நான் நடுவுல நின்னு, "ஏப்பா, மெதுவாப் பேசுங்க, வெளிய கேக்கப் போகுது"ன்னேன். அதுவும் வெளிய கேட்டுச்சு.

தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ரெண்டு செவுரு, ஒரு இரும்புக் கதவு. அதத் தாண்டி ஒரு கொரகொரப்பு இல்ல. என் தங்கச்சி மூக்க உறிஞ்சுறது கூடக் கொழாயில கேட்டுச்சுன்னு பந்தியில இருந்தவங்க சொன்னாங்க. சோத்துல கைய வச்சவன் வச்சபடி உக்காந்திருக்கான். அன்னிக்கே அந்தக் கார்ட்லெஸுக்கு ரெண்டு பேரு ஆர்டர் குடுத்தாங்க.

தங்கச்சி அன்னிக்கே புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கு வந்துட்டா. "நாலு செவுத்துக்குள்ள பேசுனது நாலு செவுத்துக்குள்ள இருந்திருந்தா மறுநா காப்பி குடிக்கும்போது சரியாப் போயிருக்கும்"னு என் பொண்டாட்டி இன்னிக்கி வரைக்கும் சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்? ஊரே சாட்சிக்கு இருந்துச்சு, அதுனாலதான் என் தங்கச்சி பக்கம் நியாயம் நின்னுச்சு. மாப்ள பக்கமும் நியாயம் நின்னுச்சுன்னு கல்லுப்பட்டியில பேசிக்கிறாங்க. அவங்களும் அதே கொழாயிலதான கேட்டாங்க.

அப்புறம் கோர்ட்டு, கேசு, வாய்தா. அது கெடக்கட்டும். புள்ளைய என்ன பண்றது? கனிஷ்கான்னு பேரு, கனின்னு கூப்பிடுவோம். சனிக்கெழமை சாயங்காலம் அப்பாகிட்ட விடணும், ஞாயித்துக்கெழமை சாயங்காலம் திரும்ப வாங்கணும். அவ வீட்டு வாசல்ல இவரு காலு வைக்க மாட்டாரு, இவரு தெருவுல அவ காலு வைக்க மாட்டா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எடம் வேணும்ல? என் கடையிலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒருத்தர் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல நிப்பாரு, ஒருத்தி ஒயர்ச் சுருளுக்குப் பக்கத்துல நிப்பா. நடுவுல நானு.

கைமாறுற நேரத்துல அந்தப் புள்ள அழுகும் பாருங்க, கேக்க முடியாது. அப்பா கையிலருந்து அம்மா கைக்கும் அழுகும், அம்மா கையிலருந்து அப்பா கைக்கும் அழுகும். நான் தூக்கி வச்சுக்கிட்டு நம்ம ஸ்டேசன் குரல்ல எடுத்து விடுவேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அம்மா சந்திப்பிலிருந்து அப்பா சந்திப்பு வரை செல்லும் கனிஷ்கா அதிவிரைவு வண்டி, முதலாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!" புள்ள கண்ணுல தண்ணியோட "கூ"ன்னு கத்தும். கத்திக்கிட்டே அடுத்த கைக்குத் தாவிரும். தங்கச்சியும் மாப்ளயும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டுத் தோளு குலுங்க நிப்பாங்க. கோவத்துலதான் குலுங்குறாங்கன்னு நெனச்சுக்குவேன்.

ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசிக்க மாட்டாங்க. எல்லாம் என் மூலமாத்தான். "புள்ளைக்கு இருமலா இருக்கு, ஐஸு வாங்கிக் குடுக்க வேணாம்னு சொல்லுண்ணே"ம்பா. அத அப்படியே மொட்டையாச் சொன்னா ஒரு அழுத்தம் இருக்குமா? நம்ம தொழில்ல, வர்ற சத்தத்த அப்படியே விட மாட்டோம். அடிச்சத்தம் கனக்கக் கொஞ்சம் பேஸு ஏத்தி, லேசா எக்கோ வச்சு விட்டாத்தான் எடுப்பா இருக்கும். மாப்ளகிட்டப் போயி, "ஐஸ வாங்கிக் குடுத்துப் புள்ளைய ஒரேயடியாப் படுக்க வைக்கப் பாக்குறீங்களான்னு கேக்குறா"ன்னேன். அவரு மொகம் சுண்டிப் போச்சு. "டாக்டர்கிட்டக் காட்டுனாங்களான்னு கேளுங்க மச்சான்"னாரு. நான் இந்தப் பக்கம் வந்து, "ஒரு டாக்டர்கிட்டக் காட்டத் துப்பில்லாம இவ என்ன புள்ள வளக்குறான்னு கேக்குறாரு"ன்னேன். பாவம், என் தங்கச்சி அங்கனயே உக்காந்து அழுதுருச்சு. எனக்கே பொறுக்கல. ஒரு மனுசன் இப்படியா பேசுவான்?

இப்படி ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் காது குத்துற பேச்சு வந்துச்சு. புள்ளைக்கு மூணு வயசு, ஒத்தப்பட வயசுல குத்தணும்ல. மாப்ள வீட்டுல அவங்க குலசாமி கோயில்ல மொட்ட எடுத்துக் காது குத்தணும்னாங்க. தங்கச்சி, மதுரையில நகக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி குத்திக்கிறேன்னா. "அந்தக் கொழாச் சத்தத்துக்கு அப்புறம் அவங்க சொந்தக்காரங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"ன்னா. நான் பாத்தேன். குலசாமி அவங்களுது, மடி நம்மளுது. மடி இல்லாம அவங்க எப்படிக் குத்துவாங்க? கடையில வச்சே மாப்ளகிட்டச் சொல்லிட்டேன், "மடி கெடையாது!"

அவரு நிதானமா, "பரவால்ல மச்சான், தவமணி மச்சான் வர்றேன்னுருக்காரு"ன்னாரு.

தம்பி, தவமணியாம்! அந்தப் புள்ள பொறந்தன்னிக்கி நர்ஸம்மா வெளிய கொண்டாந்து நீட்டும்போது மொத மொதக் கையில வாங்குனது நானு. மாப்ள ஆலையில இருந்து வந்து சேரல. எனக்குப் புள்ள குட்டி இல்ல தம்பி. அந்தச் சூடு இன்னும் இந்தக் கையில இருக்கு. அது தவமணி மடியில உக்காருறதான்னு எனக்கு அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல. மறு வாய்தாவுக்கு நான்தான் மொதப் பஸ்ஸப் புடிச்சுக் கோர்ட்டுல போயி நின்னேன்.

அங்க எஸ்தர்னு ஒரு அம்மா. பிரிஞ்ச குடும்பத்துக்குப் பேசி வழி பண்ணி விடுறதுதான் அவங்க வேல. "நீங்க யாரு?"ன்னாங்க. தாய்மாமன்னேன். "உங்க பேரு கேஸ்ல இருக்கா?"ன்னாங்க. "பேரு இல்லம்மா, ஆனா நான் இல்லாம இந்தக் கேஸே இல்ல"ன்னேன். அந்தம்மா ரொம்ப நேரம் என்னயவே பாத்தாங்க. அப்புறம், "நல்லாப் புரியுது, உக்காருங்க"ன்னாங்க. கெட்டிக்காரி. மத்தவங்களுக்கு ஒரு மாசமானாலும் புரியாதது அந்தம்மாவுக்கு ஒரு பார்வையில புரிஞ்சுருச்சு.

அவங்க சொன்னது இதுதான். "நீங்க சேந்து இருக்கீங்களோ பிரிஞ்சு இருக்கீங்களோ, அத ஜட்ஜ் அய்யா பாத்துக்குவாரு. புள்ளைக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் வேணும். யாரு எப்ப வச்சுக்கணும், காச்சல் வந்தா யாரு பாக்கணும், நல்லநாளு பெரியநாளுக்கு எங்க இருக்கணும், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல, பேப்பரக் கேட்டுக்கலாம்."

நல்ல யோசனதான். எழுத ஆரம்பிச்சாங்க. தீபாவளிக்குக் காலைல எண்ணெ தேச்சுக் குளிக்கறது அப்பா வீட்டுல, சாயங்காலம் வெடி அம்மா வீட்டுலன்னு மாப்ள சொல்றாரு. தங்கச்சி சரின்னு தலைய ஆட்டப் போறா. நான் விடுவேனா? "அது எப்படி? எண்ணெயும் நாங்கதான், வெடியும் நாங்கதான்!"னேன். தங்கச்சி தலைய ஆட்டாம நிறுத்திட்டா. அன்னிக்கி தீபாவளியோட எந்திரிச்சோம். அடுத்த தடவ பொங்கலுக்கு மல்லுக்கட்டுனோம். அதுக்கடுத்த தடவ திரும்பவும் தீபாவளி. பேப்பர்ல மொத வரியத் தாண்டல. என் தங்கச்சிக்கு நான் இல்லேன்னா என்ன கதி ஆகியிருக்கும்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சுச்சு.

ஒரு நா எஸ்தர் அம்மா, "அண்ணே, ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டு இருக்கீங்க, தொண்ட வறண்டிருக்கும். கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாங்க. பாருங்க, அம்புட்டுப் பேர்ல என் தொண்டைய நெனச்சுப் பாத்தது அந்தம்மா ஒருத்தங்கதான். போனேன். டீக்கடையில ஒரு ஆளு, அவருக்கும் கேசு. அவருகிட்ட நம்ம கதையக் கொஞ்சம் சொன்னேன். அவரு பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடிட்டாரு. கோர்ட்டுக்கு அவரு பஸ்ஸுல வரல, பைக்குல வந்தாரு, அது வேற விசயம். நான் மேல திரும்பிப் போறேன், எல்லாம் முடிஞ்சு போச்சு!

ஆமா தம்பி. தீபாவளி, பொங்கல், பரீச்ச லீவு, காச்சல், பள்ளிக்கூடம், அம்புட்டும் எழுதியாச்சு. நான் கதவத் தொறக்குறேன், மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. என் தங்கச்சி சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. என்னயப் பாத்ததும் கப்புன்னு நிறுத்திட்டாங்க. ஒரு பெரிய மனுசன் வந்தா மரியாத தானா வந்துரும். ஆனா ஒண்ணு தம்பி, அத்தன நாளா நான் பக்குவம் பண்ணி வச்சதுலதான அந்தம்மா ஒரு டீ நேரத்துல முடிச்சாங்க? பேரு அவங்களுக்குப் போயிருச்சு.

அதுல ஒரு பாரா, புள்ள விசயத்த இனிமே ரெண்டு பேரும் நேரடியாத்தான் பேசிக்கணும், மூணாவது ஆளு மூலமாப் பேசக் கூடாதுன்னு இருக்கு. யாரு அந்த மூணாவது ஆளுன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் வெளங்கல. தவமணியாத்தான் இருக்கணும். பேசாமயே இருந்து என்னமோ வேல பாத்திருக்கான்.

நம்ம பாரா இதுக்கு அடுத்தது. எஸ்தர் அம்மாவே சொன்னாங்க, "மத்த எல்லாத்துக்கும் இழுபறி இருந்துச்சு. இந்த ஒரு பாராவத்தான் ரெண்டு பேரும் ஒரே குரல்ல, ஒரே வார்த்தையில சொன்னாங்க. எழுத எனக்குக் கையி பத்தல"ன்னு. அப்பப் பாத்துக்கங்க, பிரிஞ்சு போன ரெண்டு பேரு ஒண்ணாச் சேந்து பேசுனது என்னயப் பத்தி மட்டுந்தான். இந்தாங்க, லேமினேசனப் புடிங்க. வெளிச்சத்துல சாச்சுப் படிங்க. வேணாம், குடுங்க, எனக்கு மனப்பாடம்.

"குழந்தையின் காதணி விழா தந்தைவழிக் குலதெய்வக் கோயிலில் நடைபெறும். தாயார் கலந்துகொள்வார். குழந்தை தாய்மாமன் திரு. வீரணன் மடியில் அமரும்." கேட்டுக்கிட்டீங்களா, திரு. வீரணன்! "மேற்படி திரு. வீரணன் விழாப் பந்தலுக்குள் இருக்கும் நேரம் முழுவதும் எவரிடமும் எதைப் பற்றியும் பேசக் கூடாது. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி எதையும் பந்தலுக்குள் கொண்டுவரக் கூடாது. மீறினால், குழந்தை உடனடியாகத் திரு. தவமணி மடிக்கு மாற்றப்படும். திரு. வீரணன் இதற்குச் சம்மதித்துச் சாட்சிக் கையெழுத்து இடுகிறார்." என் பேரு மூணு எடத்துல வருது. தவமணி பேரு ஒரே ஒரு எடம், அதுவும் மீறினால்ங்கிற எடத்துல.

கையெழுத்துப் போட எனக்கு மனசே இல்ல தம்பி. அது என்னமோ உண்ம. நம்ம குடும்பத்துல ஒரு விசேசம், நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னா வலிக்காதா? ராவும் பகலுமா யாருக்காகப் பேசுனேன்? போடலேன்னா மடி போயிரும். போட்டேன்.

சரி, இந்தப் பை விசயத்துக்கு வருவோம். அடியில துணியில சுத்தியிருக்குன்னேன்ல, அது அந்தக் கார்ட்லெஸ்தான். கூட ஒரு சின்னப் பெட்டி, சோப்பு டப்பா அளவுதான், ஆனா சத்தம் கோயில் எல்லை வரைக்கும் போகும். பதறாதீங்க. சட்டத்த நல்லாக் கவனிங்க. திரு. வீரணன் கொண்டுவரக் கூடாதுன்னுதான போட்டிருக்கு? நான் எங்க கொண்டு வந்தேன்? பை யாரு மடியில இருக்கு? விலக்குல ஒரு பத்து நிமிசம் இறங்கி, பந்தல் வரைக்கும் வந்து வச்சுட்டு அடுத்த பஸ்ஸப் புடிங்க. கெடாக் கறிச் சோறு தம்பி, சும்மா இல்ல. தாய்மாமன் சீர் கொண்டு வந்திருக்காருன்னு ஒரே ஒரு தடவ மைக்குல வந்தாப் போதும். நான் வாயே தொறக்கல, நீங்கதான் சொல்லுவீங்க. உங்க குரலு எப்படி? ஒரு தடவ "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு சொல்லுங்க பாப்போம்.

என்ன தம்பி, தலைய இப்படி ஆட்டுறீங்க? ராஜபாளையத்துல அவசர வேலையா? டீக்கடையில பாத்த ஆளுக்கும் அப்படித்தான் அவசரம். சரி, வேணாம், ஏன் லேமினேசன வாங்குறீங்க? படிச்சாச்சே. அந்தக் கடேசி வரியா? டைப்பு இல்ல, பேனாவுல எழுதியிருக்கே, அதுவா? அது ஒண்ணுமில்ல, விடுங்க.

அது மாப்ள கையெழுத்து. எல்லாம் டைப் அடிச்சு முடிச்சப்புறம் அவரு பேனாவ வாங்கிக் கீழ எழுதிட்டாரு. பக்கத்துல ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க. "குழந்தை பயந்து அழுதால் மாமா அவள் காதுக்குள் மட்டும் பேசலாம். அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது." எனக்கு அதுதான் தம்பி மத்த எல்லாத்த விடவும் பெரிய அவமானமாப் பட்டுச்சு. பேசாதன்னா பேசாதன்னு சொல்லிட்டுப் போ. அதென்ன காதுக்குள்ள மட்டும்? பிச்ச போடுற மாதிரி?

கோர்ட்டு வாசல்ல மாப்ளய மறிச்சுக் கேட்டுட்டேன். "எதுக்கு மாப்ள இந்த வரி?" அவரு வண்டிச் சாவியத் திருகிக்கிட்டே சொன்னாரு, "மச்சான், நீங்க பேசலேன்னா கனி குத்த விடமாட்டா. சனிக்கெழமை அவ அழுகாம எங்கிட்ட வர்றது உங்களாலதான். அது எனக்கும் தெரியும், உங்க தங்கச்சிக்கும் தெரியும். அவதான் இத எழுதச் சொன்னா."

நான் விலகி அவரு வண்டிக்கு வழி விட்டேன். பேஸு ஏத்தி எக்கோ வச்சு வீட்டுல போயிச் சொல்லலாம்னு பாத்தேன், ஏத்துறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அவரு சொன்னத அப்படியேதான் என் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவ அழுதுட்டா. நானும் கொஞ்சம் அழுதேன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

இப்ப என் கவல என்ன தெரியுமா? தவமணி இல்ல, சீரு இல்ல. அடுத்தவங்களுக்குக் கேக்காம எப்படித் தம்பி பேசுறது? எனக்கு வராது. நேத்து என் பொண்டாட்டி காதுல வாய வச்சுச் சொல்லிப் பாத்தேன், நாளைக்கிக் காலைல எட்டு மணிக்குக் கெளம்பணும்னு. செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரரு "எட்டரைக்குத்தான் நேர் வண்டி இருக்கு வீரணா"ங்குறாரு. அதுனாலதான் இந்தக் கார்ட்லெஸ எடுத்துப் பையில போட்டேன். மைக்குன்னா மெதுவாப் பேசலாம், அதுவே எடுத்துக் குடுத்துரும். அப்புறம் பஸ்ஸு ஏறுனப்புறம்தான் யோசிக்கிறேன், அது எடுத்துக் குடுக்குறதுதான கூடாதுங்குறாங்க.

புள்ளைக்கு ஊசியக் கண்டா அம்புட்டுப் பயம். காது குத்துற ஆசாரி கிட்ட வந்ததும் என் சட்டையத்தான் புடிக்கும். அழுகும். அப்ப நான் அதுக்குச் சொல்லணும். நான் சொல்லப் போயி, முன்னால நிக்கிறவனுக்குக் கேட்டுருச்சுன்னா புள்ளையப் புடுங்கித் தவமணி மடியில வச்சுருவாங்க. அங்க அது இன்னும் அழுகும். அவன் உம்முன்னு உக்காந்திருப்பான். என்னால அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது தம்பி, சத்தியமா முடியாது.

கல்லுப்பட்டி தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான். காதக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுங்க. தப்பா நெனைக்காதீங்க, ஒரு ஒத்திகதான். கூட இருக்கவங்களுக்குக் கேக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

"கனி, மாமா இங்கதான் இருக்கேன், பயப்படாத."

எப்படி? முன் சீட்டு அம்மா "சரிப்பா"ங்குது. அம்மா, உங்கள இல்லம்மா, நீங்க தூங்குங்க. இன்னும் கொறைக்கணும் போல. மறுபடியும் பாப்போம்.

"கனி, மாமா இருக்கேன்."

டிரைவரு கண்ணாடியில பாக்குறாரு. ச்சே. மூச்ச விடாமப் பேசணுமோ? தங்கச்சியெல்லாம் எப்படித்தான் பேசுறாளோ, உதடு அசையறது மட்டுந்தான் தெரியும், புள்ள அப்படியே அடங்கிப் படுத்துரும். அந்தத் துணிச் சுருட்ட வெளிய எடுங்க தம்பி. எடுத்துக் கண்டக்டர்கிட்டக் குடுத்துருங்க. அண்ணே, கண்டக்டரண்ணே, இத வச்சுக்கங்க, சாயங்காலம் நீங்க திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன். உள்ள சுவிட்ச மட்டும் தொட்டுராதீங்க.

விலக்கு வந்துருச்சா? அந்தா பந்தல் தெரியுது. யாரு நிக்கிறது வாசல்ல, மாப்ளயா? கூட நிக்கிறது என் தங்கச்சி மாதிரி இருக்கு. பேசிக்கிட்டு இருக்காங்க போல, நான் இல்லாம என்னத்தப் பேசுறாங்க? சரி, அது அவங்க பாடு. தம்பி, கடேசியா ஒரே ஒரு தடவ. காதக் குடுங்க. முன் சீட்டு அம்மாவப் பாத்துக்கிட்டே இருங்க, திரும்புறாங்களான்னு.

சொல்லிட்டேன்.

நெசமாத்தான், சொல்லிட்டேன். கேக்கலையா? அந்தம்மா திரும்பலையா? டிரைவரு? உங்களுக்கே கேக்கலையா?

அப்பச் சரி. பையக் குடுங்க, எறங்குறேன்.